உயிர்க் கணக்கும் நிலக் கணக்கும்: நீண்ட போர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப்போரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வருகிற கேள்விகளில் பாதி இதுதான்: இத்தனை பேர் செத்து எவ்வளவு நிலம் கிடைத்தது? உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் 1916-ல் பிரான்ஸில் சோம் நதிக்கரையில் நடந்த சண்டையை வைத்தே பேசுகிறேன். பலரும் உதாரணம் காட்டுவது அதைத்தான். அங்கிருந்து வேறு இடங்களுக்கும் போவோம்.

ஒரு கிலோமீட்டர் நிலத்துக்கு எத்தனை பேர்னு ஒரே எண்ணில் சொல்ல முடியுமா?

சொல்லலாம், கஷ்டமே இல்லை. சோம் சண்டை 1916 ஜூலை 1-ல் தொடங்கி நவம்பர் 18-ல் முடிந்தது. பிரிட்டிஷ் தரப்புக்கு இழப்பு சுமார் 4,20,000 பேர், பிரெஞ்சுத் தரப்புக்குச் சுமார் 2,04,000 பேர். அதிகபட்சமாக முன்னேறிய தூரம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு 62,000 பேர், ஒரு மீட்டருக்கு 62 பேர். ஒரு ஆள் ஒரு எட்டு வைப்பதற்குள் ஒரு பஸ் நிறைய ஆட்கள் காலி.

இந்த எண் மனதில் பதிகிறது, அதனால்தான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் சண்டை எதற்காக நடந்தது, அது நிறைவேறியதா, எதிரிக்கு என்ன ஆனது என்று எதையும் இது சொல்வதில்லை. கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்ப்பவைதான்.

இழப்புன்னா செத்தவங்கதானே?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ராணுவக் கணக்கில் இழப்பு என்றால் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் எல்லோரும் சேர்ந்த தொகை. சோமில் மேலே சொன்ன 6,24,000 பேரில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து சுமார் 1,46,000. மற்றவர்களில் பெரும்பாலோர் காயம்பட்டவர்கள். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தேறி மறுபடி ஏதோ ஒரு வேலைக்குத் திரும்பினார்கள். ஒரே ஆள் 1916-ல் ஒரு தடவையும் 1917-ல் ஒரு தடவையும் காயப்பட்டிருந்தால் கணக்கில் இரண்டு பேர்.

ஆக, "சோமில் ஆறு லட்சம் நேசநாட்டு வீரர்கள் செத்தார்கள்" என்று யாராவது எழுதினால் அது தவறு. ஆனால் காயம்பட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்களே என்று அந்த எண்ணைத் தள்ளிவிடவும் முடியாது. நாளைய தாக்குதலுக்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற தளபதிக்குச் செத்தவனும் ஆஸ்பத்திரியில் கிடப்பவனும் ஒன்றுதான். அந்த வீட்டுக்கு அப்படி இல்லை.

ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு எண் சொல்றாங்களே, எதை நம்புறது?

சோமில் ஜெர்மன் இழப்பு எவ்வளவு என்ற சண்டை நூறு வருஷத்துக்கும் மேலாக ஓயவில்லை. ஜெர்மன் ஆவணங்களை ஒட்டிச் சொல்பவர்கள் நாலேகால் லட்சத்திலிருந்து நாலரை லட்சம், கொஞ்சம் கூட்டிக் குறைத்து என்கிறார்கள். பிரிட்டிஷ் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதிய எட்மண்ட்ஸ் ஆறரை லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார். எப்படி? லேசான காயத்தோடு போர்முனைக்குப் பக்கத்திலேயே சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களை ஜெர்மானியர்கள் கணக்கில் சேர்க்கவில்லை, பிரிட்டிஷார் சேர்த்தார்கள் என்று சொல்லி, ஜெர்மன் எண்ணோடு ஒரு விகிதத்தைக் கூட்டிவிட்டார். பிற்கால ஆய்வாளர்கள் பலர் அந்தக் கூட்டலை ஏற்கவில்லை.

அவர் ஏன் கூட்டினார் என்று யோசித்தால் விஷயம் புரியும். நாலரை லட்சம் என்றால் சோமில் நேசநாடுகளுக்கு இழப்பு அதிகம். ஆறரை லட்சம் என்றால் ஜெர்மனிக்கு அதிகம். ஒரு விகிதத்தைக் கூட்டினால் போதும், தோல்வி வெற்றியாக மாறிவிடும். அதனால் யார் எண்ணினார்கள் என்பதோடு, எண்ணியவருக்கு எந்தப் பதில் தேவைப்பட்டது என்பதையும் பாருங்கள். தன் தரப்பு இழப்பைப் பற்றி ஒரு ராணுவம் தனக்குள் வைத்திருக்கும் பதிவேடு ஓரளவு நம்பகமானது. எதிரியின் இழப்பைப் பற்றி அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பத்து கிலோமீட்டர்தானா? அப்போ அந்த ஆட்கள் எல்லாம் வீணாத்தானே போனாங்க?

சண்டை தொடங்கும் முன் போட்ட திட்டத்தோடு ஒப்பிட்டால், ஆமாம், திட்டம் தோற்றது. பிரிட்டிஷ் தளபதி ஹெய்க் எதிர்பார்த்தது ஜெர்மன் அரணை உடைத்து, பாபோம் ஊரைத் தாண்டிக் குதிரைப்படையை விடுவது. அவருக்குக் கீழே இருந்த ராலின்சன் முதல் வரிசையை மட்டும் கடித்துப் பிடித்துக்கொள்ளலாம் என்றார், ஹெய்க் ஒப்புக்கொள்ளவில்லை. நவம்பரில் சண்டை முடிந்தபோதும் பாபோம் ஜெர்மானியர் கையில்தான் இருந்தது. முதல் நாளே பிடித்திருக்க வேண்டிய செர் என்ற குக்கிராமத்தைக்கூடக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. லங்காஷயரின் ஆக்ரிங்டன் ஊரில் ஒன்றாகச் சேர்ந்த நண்பர்கள் பட்டாலியன் செருக்கு எதிரேதான் அழிந்தது. சுமார் 700 பேர் போனார்கள், 585 பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள்.

சரி, இங்கேதான் கதை திரும்புகிறது. 1917 பிப்ரவரி, மார்ச்சில் ஜெர்மானியர்கள் தாங்களாகவே செரையும் பாபோமையும் விட்டுவிட்டுப் பின்னால் கட்டி வைத்திருந்த ஹிண்டன்பர்க் அரண் வரிசைக்குப் போய்விட்டார்கள். ஐந்து மாதம் சண்டை போட்டு வாங்கிய நிலத்தைவிடப் பலமடங்கு நிலம் சில வாரங்களில் சண்டையே இல்லாமல் வந்து சேர்ந்தது. சோம் மாதிரி இன்னொன்றைத் தாங்க முடியாது, முனையைச் சுருக்கி டிவிஷன்களை, அதாவது பெரிய படைப்பிரிவுகளை, மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. இந்த நிலத்தை சோமின் வரவில் எழுதுவதா வேண்டாமா? எழுதினால் சோம் அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் போகிற போக்கில் கிணறுகளைக் கெடுத்து, சாலைகளை உடைத்து, மரங்களை வெட்டிப் போட்டு, தங்களுக்கு வசதியான இடத்தில் அவர்கள் போய் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

என் கருத்து இதுதான்: விலையை முதலில் கொடுக்கிறார்கள், நிலம் பிறகுதான் நகர்கிறது. அதனால் ஒரு சண்டையின் வரைபடத்தை அது முடிந்த நாளன்று பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் "பின்னால் பலன் வரும்" என்பது எந்தத் தளபதியும் எப்போதும் சொல்லக்கூடிய சாக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1916 டிசம்பரில் ஹெய்க் அனுப்பிய அறிக்கையில் சோமின் நோக்கங்களாக மூன்றைச் சொன்னார்: ஜெர்மானியர்கள் தாக்கிக்கொண்டிருந்த வெர்டன் என்ற பிரெஞ்சு ஊரில் பிரெஞ்சுப் படை மீதிருந்த நெருக்கடியைத் தணிப்பது, ஜெர்மன் படைகள் வேறு முனைக்குப் போகாமல் பிடித்து வைப்பது, எதிரியைத் தேய்ப்பது. ஜூலையில் சேணம் கட்டி நின்ற குதிரைகளைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

முதல் நாளே 57 ஆயிரம் பேர்! மறுநாள் காலையில் ஏன் நிறுத்தலை?

ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் இழப்பு 57,470 பேர், அதில் செத்தவர்கள் 19,240. இதை நாம் ஒரே வரியில் படிக்கிறோம். அவர்கள் படிக்கவில்லை. ஜூலை 2 அன்று ஹெய்குக்கு வந்த மதிப்பீடு 40,000-க்கு மேல் என்பதுதான். இறக்கிய ஆட்களின் எண்ணிக்கைக்கும் தாக்கிய முனையின் நீளத்துக்கும் இது கடுமையான இழப்பு என்று சொல்ல முடியாது என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். படித்தால் ரத்தம் கொதிக்கும். ஆனால் முனையின் தென்பகுதியில் மாமெட்ஸ், மோன்டோபான் கிராமங்கள் பிடிபட்டிருந்தன, பிரெஞ்சுப்படை அன்றைய இலக்கை அடைந்திருந்தது. வடக்கே மட்டும்தான் முழு நாசம். ஏழு நாள் குண்டுமழை பொழிந்தும் முள்கம்பி அறுபடவில்லை, ஆழமான நிலவறைகளில் இருந்த இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் சாகவில்லை.

நாசம் எப்படி இருந்தது என்பதற்குப் போமோன்-ஹமேல் கிராமத்தைப் பாருங்கள். நியூஃபவுண்ட்லாந்து படைப்பிரிவு காலை ஒன்பது மணிக்குப் பிறகு புறப்பட்டது. முன்வரிசைக்குப் போகும் பதுங்குகுழிகள் எல்லாம் செத்தவர்களாலும் காயம்பட்டவர்களாலும் அடைபட்டிருந்ததால், பின்வரிசையிலிருந்தே வெட்டவெளியில் ஏறி நடந்தார்கள். தங்கள் முள்கம்பியில் விட்டிருந்த இடைவெளிகளுக்கு அவர்கள் வந்து சேரும்போதே ஜெர்மானியர்கள் குறி பார்த்து அடித்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. போன சுமார் 800 பேரில் மறுநாள் பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர். அந்தக் கிராமம் பிடிபட்டது நவம்பர் 13-ல்.

நிறுத்தாததற்கு முக்கியமான காரணம் கூட்டணி. வெர்டனில் பிப்ரவரியிலிருந்து பிரான்ஸ் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. "ஒரு நாள் அடிபட்டோம், நிறுத்திவிட்டோம்" என்று பிரிட்டன் பிரான்ஸிடம் சொல்ல முடியாது. ஒரு சண்டையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அந்தக் களத்தின் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை.

ஒரு சின்ன கிராமத்துக்காக 23 ஆயிரம் பேரை இழப்பாங்களா? போசியேர் கதை உண்மையா?

உண்மை. 1916 ஜூலை 23-ல் ஆஸ்திரேலியப் படை போசியேரில் இறங்கியது. கிராமம் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் சாவு தொடங்கியது. ஜெர்மன் பீரங்கிகள் நாள்கணக்கில் அந்த ஒரே மேட்டின் மேல் கொட்டின. ஏழு வாரத்துக்குள் ஆஸ்திரேலிய இழப்பு சுமார் 23,000, செத்தவர்கள் மட்டும் 6,800 அளவில். வீடு எது, தெரு எது என்று தெரியாதபடி செங்கல் பொடியாகக் கிடந்த ஊர் அது.

ஆல்பர்ட்டிலிருந்து பாபோம் போகும் சாலையில் மிக உயரமான இடம் போசியேர் காற்றாலை மேடு. அங்கே இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது, சாப்பாடு எந்த வழியில் வருகிறது என்று தெரியும். கீழே இருப்பவன் குருடன். போர்முனையில் நிலம் என்பது சதுர கிலோமீட்டர் அல்ல. மேடு, பாலம், ரயில் சந்திப்பு, இவைதான் நிலம். அதே 1 கிலோமீட்டர் சேற்று வயலாக இருந்தால் காசு பெறாது. மேட்டை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் இருபக்கமும் அகலமாகத் தாக்காமல் அந்தக் குறுகிய முனையில் திரும்பத் திரும்ப முட்டியதற்கு நியாயம் சொல்வது கடினம்.

வெர்டனில் நிலமே நோக்கம் இல்லைன்னு படிச்சேன். ஆளைக் கொல்றதே நோக்கமா?

அப்படித்தான் ஜெர்மன் தளபதி ஃபால்கன்ஹைன் பின்னால் சொன்னார். பிரான்ஸ் விட்டுக்கொடுக்கவே முடியாத ஓர் இடத்தைத் தாக்கினால், அதைக் காப்பாற்ற வரிசையாக ஆட்களை அனுப்பும், அப்படியே ரத்தம் வற்றிச் சாகும் என்பது திட்டமாம். 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெர்மன் பேரரசர் கெய்சருக்கு இதை எழுதிக் கொடுத்ததாகப் போருக்குப் பிறகு வந்த தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். அந்த மூலக் கடிதம் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. ஊரைப் பிடிக்கப் போய் முடியாமல், பிறகு "ஊர் வேண்டும் என்று யார் சொன்னது" என்று கதையை மாற்றினாரா என்ற சந்தேகம் வரலாற்றாசிரியர்களுக்கு உண்டு. ஹெய்கின் டிசம்பர் அறிக்கையோடு இதைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

முடிவு என்ன? 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் வரை நடந்ததில் இருதரப்புக்கும் சேர்த்து ஏழு லட்சம் அளவில் இழப்பு. பிரெஞ்சு இழப்பு கொஞ்சம்தான் அதிகம். ரத்தம் வற்ற வைக்கப் போனவனுக்கும் ஏறக்குறைய அதே ரத்தம் போனது. வெர்டனைக் காத்த டூவோமோன் கோட்டையை ஜெர்மானியர் பிப்ரவரி 25-ல் பிடித்தார்கள், அக்டோபர் 24-ல் இழந்தார்கள்.

அப்போ எதிரிக்கு நம்மைவிட அதிக இழப்புன்னா நமக்கு லாபம்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளலாம், மூன்று விஷயம் தெரிந்திருந்தால். எதிரியின் இழப்பு நிஜமாகவே தெரிய வேண்டும். தெரியாது என்று மேலே பார்த்தோம். எதிரியிடம் இன்னும் எவ்வளவு ஆள் மிச்சம் என்று தெரிய வேண்டும். எந்த இடத்தில் அவன் மனம் உடையும் என்றும் தெரிய வேண்டும். அது அவனுக்கே தெரியாது. பிரான்ஸின் மக்கள்தொகை நாலு கோடி, ஜெர்மனிக்கு ஆறரைக் கோடிக்கு மேல். ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே போனால் பிரான்ஸ்தான் முதலில் காலி. பிரிட்டனும் அதன் காலனிகளும் பிறகு அமெரிக்காவும் சேர்ந்ததால்தான் அந்தக் கணக்கு புரண்டது.

பிணத்தை எண்ணுவதே வெற்றியின் அளவுகோல் ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாமில் அமெரிக்க ராணுவம் சாட்சி. தெளிவான போர்முனை இல்லாத போர் அது. எத்தனை எதிரிகளைக் கொன்றோம் என்பதே முன்னேற்றத்தின் அடையாளம் ஆனது. எண்ணிக்கை காட்டினால் பதவி உயர்வு. எண்ணிக்கை பெருகியது. செத்துக் கிடந்த விவசாயியும் அதில் சேர்ந்தான். போர் மட்டும் வெற்றி பக்கம் நகரவில்லை.

நிறைய நிலம் பிடிச்சவன்தானே கடைசியில் ஜெயிப்பான்?

1918 மார்ச் 21-ஐப் பாருங்கள். ரஷ்யா போரிலிருந்து விலகியதால் கிழக்கிலிருந்து டிவிஷன்களைக் கொண்டுவந்து ஜெர்மனி பெரும் தாக்குதல் தொடுத்தது. ஐந்து மாதம் பாடுபட்டு வாங்கிய சோம் களம் முழுவதும் ஒரு வாரத்தில் போய்விட்டது; பாபோம் மார்ச் 24-ல், ஆல்பர்ட் 26-ல். இரண்டு வாரத்தில் 60 கிலோமீட்டருக்கு மேல் முன்னேறினார்கள். மேற்கு முனையில் 1914-க்குப் பிறகு அப்படி ஒரு முன்னேற்றமே இல்லை. முதல் கேள்வியில் போட்ட வகுத்தல் கணக்கை இங்கே போட்டால் ஜெர்மனிதான் போரின் மகா கெட்டிக்காரன்.

எட்டு மாதத்தில் அந்த மகா கெட்டிக்காரன் சரணடைந்தான். பிடித்த நிலத்தில் பாதி, போன வருஷம் அவர்களே நாசமாக்கிவிட்டுப் போன காடு. ரயில் இல்லை, ரோடு இல்லை. பிரிட்டிஷ் படைக்கு உயிர்நாடியான ரயில் சந்திப்பு அமியான். அதற்கு சுமார் 16 கிலோமீட்டர் முன்னால், வில்லேர்-பிரெத்தொனே பக்கம் தாக்குதல் நின்றுவிட்டது. வாங்கிய நிலத்தால் முனை நீண்டது, அதைக் காக்க ஆள் அதிகம் வேண்டியிருந்தது, ஆளோ குறைந்துகொண்டே போனது. தேர்ந்தெடுத்த தாக்குதல் வீரர்கள்தான் முதலில் செத்தார்கள். அதே நேரத்தில் கடல் தாண்டி மாதம் இரண்டரை லட்சம் அமெரிக்கர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். 60 கிலோமீட்டரை வாங்கியதற்குப் பதில் அந்த 16-ஐ வாங்கியிருந்தால் கதை வேறு.

1918-ல் ஜெயிக்க ஆரம்பிச்சதும் இழப்பு குறைஞ்சிருக்குமே?

குறையவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சோமில் பிரிட்டிஷ் இழப்பு சராசரியாக நாளுக்கு 3,000 பேருக்குக் கொஞ்சம் குறைவு. 1918 ஆகஸ்ட் 8 முதல் போர் முடியும்வரை நடந்த கடைசித் தாக்குதல்களில் அது நாளுக்கு 3,600 அளவில். வெற்றிதான் அதிகம் கொன்றது. வெளியே வந்து திறந்த வெளியில் முன்னேறுபவனுக்குப் பதுங்குகுழியின் பாதுகாப்பு கிடையாது.

ஆனால் இந்த நூறு நாளை "வீண் சாவு" என்று யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் முடிவு தெரியும். 1916-ல் முடிவு தெரியாது. அன்றைக்கு இருந்தவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். பீரங்கிக்காரர்கள் இடையில் நிறையக் கற்றுக்கொண்டார்கள், டாங்கிகளும் விமானங்களும் சேர்ந்து வேலை செய்யப் பழகின என்பது உண்மைதான். அந்தப் பாடத்தின் கட்டணம் எங்கே கட்டப்பட்டது என்று கேட்டால் மறுபடி சோமுக்குத்தான் வர வேண்டும். அதை வைத்து சோமை நியாயப்படுத்துபவர்களும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 4,20,000 பேர் இல்லாமல் அதைக் கற்றிருக்க முடியாது என்பதை யாரும் நிரூபிக்கவில்லை.

இந்தியச் சிப்பாய்கள் இந்தக் கணக்கில் எங்கே வர்றாங்க?

பிரிட்டிஷ் தரப்பு இழப்பு என்று எழுதும்போது பல இடங்களில் அதற்குள்ளேயே கரைந்துபோகிறார்கள். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நெவ் ஷாப்பெல் கிராமத்தில் நடந்த தாக்குதலில் பாதிப் படை இந்தியப் படை. முதல் நாள் காலையிலேயே கிராமம் பிடிபட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் நகரவில்லை. இரண்டு கிலோமீட்டருக்குள் நிலம், சுமார் 12,000 இழப்பு, அதில் இந்தியர்கள் 4,000-க்கு மேல். அதே இடத்தில் இப்போது பிரான்ஸில் செத்து, கல்லறை தெரியாத இந்தியர்கள் 4,700 பேருக்கு மேற்பட்டோரின் பெயர் பொறித்த நினைவிடம் நிற்கிறது.

1915 முடிவில் இந்தியக் காலாட்படையை மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) அனுப்பிவிட்டார்கள், குதிரைப்படை மட்டும் தங்கியது. சோமில் ஜூலை 14 மாலை ஹை வுட் என்ற காட்டின் அருகே கோதுமை வயலில் ஈட்டியோடு பாய்ந்ததில் டெக்கான் ஹார்ஸ் என்ற இந்தியக் குதிரைப்படையும் உண்டு. யாருக்காக, எந்த நிலத்துக்காக என்ற கேள்வி இவர்கள் விஷயத்தில் இன்னும் கூர்மையாகிறது. வரைபடத்தில் நகர்ந்த எந்தக் கோடும் அவர்களுடைய ஊர்ப் பக்கம் இல்லை.

இவ்வளவு பேர் செத்தப்புறம் பாதியில் நிறுத்தினா, செத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

இந்தக் கேள்விதான் போர்களை நீட்டுகிறது. ஈரான்-இராக் போரைப் பாருங்கள். 1980 செப்டம்பரில் இராக் அதிபர் சதாம் உசேன் படையெடுத்தார், ஈரானின் கோரம்ஷார் நகரைப் பிடித்தார். 1982 மே மாதம் ஈரான் அதை மீட்டது. இராக் படை எல்லைக்குத் திரும்பத் தொடங்கியது, சதாம் போர்நிறுத்தத்துக்குத் தயாரானார். படையெடுத்தவனை விரட்டியாயிற்று, அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இத்தனை பேரைப் பலி கொடுத்துவிட்டு, தண்டனை இல்லாமல் விடுவதா என்று ஜூலையில் ஈரான் எல்லை தாண்டி இராக்கின் பஸ்ரா நகரை நோக்கிப் போனது.

அப்புறம் ஆறு வருஷம். 1986-ல் இராக்கின் ஃபாவ் தீபகற்பத்தை ஈரான் பெரும் விலை கொடுத்துப் பிடித்தது. 1988 ஏப்ரலில் இராக் அதை இரண்டே நாளில் திரும்ப எடுத்துக்கொண்டது. ஜூலையில் ஈரானின் தலைவர் கொமேனி போர்நிறுத்தம் கோரிய ஐ.நா.வின் 598-ஆம் தீர்மானத்தை ஏற்றார். விஷம் குடிப்பதைப் போன்றது என்றார். எல்லை பழைய இடத்திலேயே நின்றது. 1990-ல் குவைத்தைப் பிடித்த கையோடு, ஈரானோடு 1975-ல் செய்த எல்லை உடன்படிக்கையைச் சதாமே மறுபடி ஒப்புக்கொண்டார். 1982-க்குப் பிறகு செத்தவர்கள், அதற்கு முன் செத்தவர்களுக்குப் பதில் சொல்வதற்காகச் செத்தவர்கள்.

உக்ரைன் போரில் "ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு பேர்"னு செய்தி வருதே, அது சரியான கணக்கா?

அந்த எண் எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால் போதும். 2024-ல் ரஷ்யா பிடித்த நிலம் 4,100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று மேற்கத்திய ஆய்வாளர்கள் வரைபடம் பார்த்து மதிப்பிட்டார்கள். அந்த வருஷம் ரஷ்ய இழப்பு நாலு லட்சத்துக்கு மேல் என்றது உக்ரைன் ராணுவம். வகுத்தால் சுமார் நூறு. நில அளவு செயற்கைக்கோள் படத்திலும் வீடியோவிலும் சரிபார்க்கக் கூடியது. இழப்பு எண்ணோ எதிரி சொன்னது, அதுவும் காயம்பட்டவர்களையும் சேர்த்து. இழப்பு என்றால் என்ன, எண்ணியவர் யார் என்று மேலே சொன்னது இரண்டுமே இங்கே பொருந்தும். இதைவிட உறுதியான அடித்தளம் வேண்டுமென்றால் இரங்கல் செய்திகளையும் கல்லறைகளையும் பார்த்து ரஷ்ய வீரர்களின் பெயர்களைப் பிபிசியும் மீடியாசோனா என்ற ரஷ்யச் செய்தித் தளமும் ஒவ்வொன்றாகத் தொகுக்கும் பட்டியல் இருக்கிறது. குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று மட்டும்தான் அது சொல்லும்.

கிழக்கு உக்ரைனில் உள்ள பக்மூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முன் சுமார் 70,000 பேர் வாழ்ந்த ஊர். 2023 மே மாதம் அது ரஷ்யத் தரப்பிடம் விழுந்தபோது, அங்கே தன் ஆட்களில் 20,000 பேர் செத்ததாக வாக்னர் என்ற ரஷ்யத் தனியார் படையின் தலைவர் பிரிகோஜினே சொன்னார். அதில் சுமார் பாதிப் பேர் சிறையிலிருந்து எடுத்த கைதிகள். உக்ரைன் தன் தேர்ந்த வீரர்களை அங்கே இழந்தது. ஒரு கைதியும் ஒரு அனுபவமுள்ள சார்ஜென்டும் வகுத்தல் கணக்கில் ஒன்று, படையில் ஒன்று அல்ல. அங்கே யாருக்கு லாபம் என்று ராணுவ ஆய்வாளர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

எத்தனை உயிர் வரை தகும்னு யார் முடிவு பண்றது?

தளபதிகளும் அமைச்சர்களும்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு தடவை சிப்பாய்களும் செய்தார்கள். 1917 ஏப்ரல் 16-ல் பிரெஞ்சுத் தளபதி நிவேல், ஷெமான் தே தாம் மேட்டை 48 மணி நேரத்தில் உடைப்பேன் என்று சொல்லித் தாக்கினார். உடையவில்லை, தாக்குதலை வாரக்கணக்கில் இழுத்தார். மே மாதத்தில் பிரெஞ்சுப் படையின் ஏறக்குறைய பாதி டிவிஷன்களில் சிப்பாய்கள் கீழ்ப்படிய மறுத்தார்கள். பெரும்பாலோர் ஓடிப்போகவில்லை. பதுங்குகுழியைக் காப்போம், ஜெர்மன்காரனை உள்ளே விடமாட்டோம், ஆனால் இந்த மாதிரித் தாக்குதலுக்குப் போகமாட்டோம் என்றார்கள். நிவேல் போய்ப் பெதான் தளபதியாக வந்தார். சுமார் ஐம்பது பேரைச் சுட்டுத் தண்டித்தார். அதே கையோடு விடுப்பையும் சாப்பாட்டையும் சரிசெய்து, பெரிய தாக்குதல்களை நிறுத்தினார்.

அந்த அக்டோபரில் லா மால்மேசோனில் அவர் ஒரு சின்ன தாக்குதல் நடத்தினார். குறுகிய முனை, மலைபோல் பீரங்கிக் குண்டு, எட்டக்கூடிய இலக்கு. நாலு நாளில் முடிந்தது, இழப்பு சுமார் 12,000. ஜெர்மானியர்கள் ஷெமான் தே தாம் மேட்டையே விட்டுவிட்டு எய்லெட் ஆற்றுக்கு வடக்கே போய்விட்டார்கள். நிலத்தையும் உயிரையும் எடைபோட்டால் அந்தப் போரிலேயே சிக்கனமான சண்டைகளில் ஒன்று என்று பலர் சொல்வார்கள். 1918 மே 27 அன்று ஜெர்மானியர்கள் அதே மேட்டை ஒரே நாளில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.